எட்டரை மணி இட்லிக்கு ஒரு வரலாறு

போன மாசம் அம்மா திருநெல்வேலியிலிருந்து செம்பூருக்கு வந்திருந்தாங்க. ஹார்பர் லைன் லோக்கலில் நசுங்கி நான் வீடு சேர மணி எட்டு. தங்கமணி வர எட்டேகால். எட்டரைக்கெல்லாம் தட்டில் இட்லியும் தக்காளிச் சட்னியும். கடையில் வாங்கின மாவு, மிக்ஸியில் ரெண்டு சுத்து, ஜோலி முடிஞ்சது. "பாத்தியாம்மா, பதினஞ்சே நிமிஷம்"னு நான் பெருமையடிச்சேன். அம்மா திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப இந்த மாவை யாருலே அரைச்சா?"

எனக்குத் தெரியலை. அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதில் கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்தருள்க :-)

1896ல் பம்பாயில் பிளேக். அதைத் தொடர்ந்து 1898ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைச்சாங்க. ஊர் நெரிசலைக் குறைக்க அவங்க போட்ட திட்டங்களில் ஒண்ணுதான் தாதர்-மாதுங்கா. டைப்பும் சுருக்கெழுத்தும் படிச்சுட்டு தஞ்சாவூர், பாலக்காடு பக்கமிருந்து ரயிலேறின நம்மாட்கள் பிற்பாடு அங்கே குடியேறினாங்க. பல பேர் முதலில் தனிக்கட்டையாத்தான் வந்தாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவங்க கண்ட வழி மெஸ். 1937ல் மாதுங்காவில் மணீஸ் லஞ்ச் ஹோம், 1942ல் ஸ்டேஷனை ஒட்டி ராமா நாயக்கின் உடுப்பி போஜனசாலைன்னு இலைச்சாப்பாட்டுக் கடைகள் வந்ததுக்குப் பின்னால் இப்படி ஒரு பசி இருந்தது.

குடும்பம் வந்து சேர்ந்ததும் சமையல் வீட்டுக்குள் போனது. ஆனா நேரம் மிச்சம் பிடிக்கிற வித்தையை நம்ம பாட்டிகள் மெஷின் வர்றதுக்கு முன்னாடியே வச்சிருந்தாங்க. சாம்பார் பொடி, வத்தல், வடகம், புளிக்காய்ச்சல், ஊறுகாய். சித்திரை வெயிலில் ஒரு மாசம் முதுகு உடைஞ்சா வருஷம் பூரா சாயங்கால வேலை பாதியாகும். லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புறவங்க டிரங்குப் பெட்டியில் துணியை விட இதுதான் அதிகம் இருக்கும். இன்னிக்கு நாம சூட்கேஸில் அடைக்கிறதும் அதே சமாச்சாரம்தானே?

இப்ப 1959க்கு வருவோம். அந்த ஒரே வருஷத்தில் இதே பம்பாயில் ரெண்டு விஷயம் நடந்தது.

ஒண்ணு, ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கர் கம்பெனி இங்கே ஆரம்பிச்சது. குக்கரோட மூலம் ரொம்பப் பழசு. 1679லேயே டெனிஸ் பாப்பான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி லண்டனில் இருந்தபோது நீராவியை அடைச்சு எலும்பையே வேக வச்சுக் காட்டினார். தத்துவம் இதுதான்: திறந்த பாத்திரத்தில் தண்ணி 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆவியை அடைச்சா 120 டிகிரி வரை போகும். முக்கால் மணி நேரம் கொதிக்கிற துவரம்பருப்பு நாலு விசிலில் மசியும். கீழே பருப்பு, நடுவில் காய், மேலே சாதம்னு ஒரே அடுப்பில் மூணும் முடியும். ரேஷன் க்யூவில் நின்னு மண்ணெண்ணெய் வாங்கி ஸ்டவ்வுக்கு பம்ப் அடிச்ச காலத்தில் அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது, கிர்காமில் ஒரு கட்டட மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பிச்சாங்க. அதுதான் லிஜ்ஜத். அங்கே அப்பளம் இடுறவங்கதான் முதலாளியும். லாபத்தில் அவங்களுக்குப் பங்கு உண்டு.

குக்கர் வேலையைக் குறைச்சது. அப்பளம் வேலையை இன்னொருத்தர் கைக்கு மாத்தினது. நேரம் மிச்சமாகிறதுக்கு இந்த ரெண்டு வழிதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும். அங்கேதான் நாம ஏமாறுறோம்.

மிக்ஸி முதல் வகை. அதுவும் மும்பைக் கதைதான். மாதுரி மாத்தூர் என்ற குடும்பத் தலைவியின் வெளிநாட்டு மிக்ஸி நம்ம ஊர் அரைப்புக்குத் தாங்காம மோட்டார் எரிஞ்சு போனது. அவங்க கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் ஒரு பொறியாளர். அவர் 1963ல் ஆரம்பிச்ச கம்பெனியிலிருந்து பிறந்ததுதான் சுமீத். எண்பதுகளில் தமிழ்நாட்டுக் கல்யாணச் சீர் வரிசையில் சுமீத் இல்லாத வீடு குறைவு. உங்க வீட்டுப் பரணில் இன்னும் ஒண்ணு கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

பாக்கெட் மாவு ரெண்டாவது வகை. கடைக்காரர்கிட்ட விசாரிச்சு ஒரு சனிக்கிழமை தாராவி 90 அடி ரோட்டுக்குப் போனேன். திருநெல்வேலிக்காரங்க தலைமுறை தலைமுறையா இருக்கிற இடம். அங்கே வீடுகளில் வேகிற இட்லிதான் அலுமினியப் பாத்திரத்தில் ஏறி, சைக்கிளிலும் தலையிலும் மும்பை பூரா போகுது. ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டாலே இட்லிக்காரர்னு இங்கே சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

நான் பார்த்த அக்கா வீட்டில் கீழே ரெண்டு கிரைண்டர், இரும்பு ஏணி ஏறினா மேலே குடித்தனம். மதியம் ஊறப்போட்டு, சாயங்காலம் அரைச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மாவைப் பாத்து, அஞ்சு மணிக்குள் கடைகளுக்கு அனுப்பணும். என் பேச்சை வச்சே ஊரைக் கண்டுபிடிச்சு காபி கொடுத்தாங்க. "நீங்க ராத்திரிக்கு என்னக்கா செய்வீங்க?"ன்னு கேட்டேன்.

"மத்தியானம் வச்ச குழம்புதான் தம்பி. ரெண்டாவது அடுப்பு பத்த வைக்க எங்க நேரம்? இட்லி மட்டும் வேண்டாம், அந்த வாசனையே ஆகலை."

செம்பூரில் எனக்கு மிச்சமான ரெண்டு மணி நேரம் எங்கே போச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சது. லிஜ்ஜத் பெண்களுக்கு இருக்கிற லாபப் பங்கு இந்த அக்காவுக்கு இல்லை. கடைக்காரர் வைக்கிற விலைதான். இன்னொரு கவலையும் இருக்கு. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. திட்டப்படி 2000க்கு முந்தைய தரைத்தளக்காரங்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருக்கிறவங்களுக்கு வெளியேதான். "வெளியே போனா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு கிரைண்டர் ஓட விடுவா?"ன்னாங்க அக்கா. என்கிட்ட பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "சரிலே, அந்தப் பதினஞ்சு நிமிஷத்தில நீ என்ன செஞ்சே?"ன்னாங்க. யோசிச்சுப் பார்த்தா, கத்திரிக்கோலால் மாவு பாக்கெட்டை வெட்டினேன். மத்ததெல்லாம் தங்கமணி. எனக்குப் பிறகு வீடு வந்து சேர்ந்த தங்கமணி.

மாவு வாங்குறதை நிறுத்தலை. நிறுத்தினா அக்காவுக்குத்தான் நஷ்டம். இப்ப சனிக்கிழமை தோறும் நேரா அவங்ககிட்டயே போய் வாங்கிட்டு வர்றேன், கடை விலையையே கொடுத்து. ஞாயித்துக்கிழமை வாரத்துக்கு வேண்டிய புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் என் பொறுப்பு. எட்டு மணிக்கு முதலில் வீடு வர்றது நான்தானே, அதனால் இட்லிப் பானையும் என் பொறுப்பு.

பி.கு: முதல் வாரப் புளிக்காய்ச்சல் அடி பிடிச்சுப் போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை, ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாங்க :-)