ஓவியருக்கு ஓர் ஆற்றுப்படை: சிங்கப்பூர்க் காட்சிக்கலையும் அதன் புரவலரும்

பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞரைக் கண்டு, தாம் பொருள்பெற்ற வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவது ஆற்றுப்படை. எந்நிலத்தின் வழியே செல்ல வேண்டும், இடைவழியில் யார் உணவளிப்பர், அடையப்போகும் புரவலரின் இயல்பு என்ன என்பனவற்றை அது விரித்துரைக்கும். பொருநராற்றுப்படை கரிகாலனிடமும், சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனிடமும், பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனிடமும், மலைபடுகடாம் நன்னனிடமும் கலைஞரை ஆற்றுப்படுத்துகின்றன. இன்றைய வழக்கில் சொல்வதானால், மானியம் எங்குக் கிடைக்கும், அதனை அடைவது எவ்வாறு என்று கலைஞருக்குக் கலைஞரே எடுத்துரைக்கும் வழிகாட்டிகள் இவை.

கூத்தர், பாணர், பொருநர், விறலி என்னும் நால்வகையினரை ஆற்றுப்படைக்கு உரியவராகத் தொல்காப்பியர் வகுத்தார். அந்நால்வருள் ஓவியர் இல்லை. ஓவியம் அக்காலத்தார் அறியாத கலை அன்று. மதுரைக்காஞ்சி ‘கண்ணுள் வினைஞர்’ என ஓவியரைக் குறிப்பிடுகின்றது. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் எழுதப்பட்டிருந்த ஓவியங்களை மக்கள் பார்ப்பதையும், ‘இவர் யார்’ என ஒருவர் வினவ மற்றவர் விடையளிப்பதையும் காட்டுகின்றது. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஓவியக் கண்காட்சி வருணனைகளுள் ஒன்று அது. ஆயினும் அவ்வோவியங்களைத் தீட்டியவரின் பெயரை நாம் அறியோம்.

பாணர் தம் யாழைச் சுமந்துகொண்டு புரவலரை நாடிச் செல்லலாம். ஓவியருக்கோ பொருளுக்கு முன்னதாகவே இடம் வேண்டும். அவருடைய கலை நிலைபெறச் சுவர் ஒன்று தேவை. எனவே காட்சிக்கலையின் வரலாற்றை அறிய விரும்புவோர், ‘பொருள் கொடுத்தவர் யார்’ என்பதோடு ‘சுவர் கொடுத்தவர் யார்’ என்றும் வினவ வேண்டும். இவ்விரு வினாக்களையும் சிங்கப்பூரின் கலை வரலாற்றின்முன் வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சங்கங்களும் பள்ளிகளும்

காலனித்துவ ஆட்சிக் காலத்துச் சிங்கப்பூரில் ஓவியருக்கென அரசு மானியமோ நிலையான கலைக்கூடமோ இருக்கவில்லை. கலைஞர்கள் தாமே ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். 1935இல் சீனக் கலைஞர் சங்கம் உருவாயிற்று. 1938இல் லிம் ஹாக் டாய் நன்யாங் நுண்கலைக் கழகத்தை நிறுவினார். 1949இல் பல இனத்தவரையும் உள்ளடக்கிய சிங்கப்பூர்க் கலைச் சங்கம் தோன்றியது.

அக்காலத்துக் கண்காட்சிகளுள் சில, கலைஞரின் வாழ்வுக்காக நடத்தப்பட்டவை அல்ல. 1939இல் புகழ்பெற்ற சீன ஓவியர் சூ பெய்ஹோங் சிங்கப்பூரில் நடத்திய கண்காட்சி, போரினால் துன்புற்ற சீன மக்களுக்கு நிதி திரட்டுவதற்காக அமைந்தது. ஓவியம் பிறருக்குப் பொருள் ஈட்டித் தரவல்லது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். அவ்வோவியம் தன்னைத் தீட்டியவரைக் காக்குமா என்பது வேறு வினா.

அவ்வினாவுக்கு அன்றைய கலைஞர்கள் கண்ட விடை ஆசிரியப் பணி. செங் சூ பியங், சென் சோங் சுவீ, ஜார்ஜெட் சென் ஆகியோர் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தனர். சென் வென் சி பள்ளி ஆசிரியராக விளங்கினார். பகலில் வகுப்பறை, எஞ்சிய நேரத்தில் தூரிகை என்பதே அவர்கள் வாழ்வு. நன்யாங் பாணி என இன்று நாம் போற்றும் மரபின் பெரும்பகுதியைத் தாங்கி நின்றது ஆசிரியர்களின் மாத ஊதியமே. புரவலர் பட்டியல்களில் இடம்பெறாத புரவலர் அது. ஆசிரியர்கள் பலர் வாசிக்கும் இந்நூலில் இதனைப் பதிவுசெய்வது பொருத்தமாகும்.

அயலார் தந்த மண்டபம்

1952இல் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, செங் சூ பியங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குப் பயணம் மேற்கொண்டனர். அங்குக் கண்ட மக்களையும் வாழ்வையும் ஓவியமாக்கி, 1953இல் சிங்கப்பூரில் கண்காட்சி நடத்தினர். இந்நாட்டுக் கலை வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதப்படும் அக்கண்காட்சி நடைபெற்ற இடம் பிரிட்டிஷ் கவுன்சிலின் மண்டபம். தென்கிழக்காசியாவுக்கென ஒரு தனிப்பாணியைத் தேடிய ஓவியர்களுக்கு, ஆட்சியாளரின் பண்பாட்டு நிறுவனமே சுவர் தந்தது. இம்முரணை இகழ்வதற்கில்லை, வேறு சுவர்கள் அரிதாக இருந்தன என்பதையே இது காட்டுகின்றது.

1955இல் மலாயாப் பல்கலைக்கழகம், அப்போது சிங்கப்பூரில் அமைந்திருந்த தன் வளாகத்தில் கலை அரும்பொருளகம் ஒன்றைத் தொடங்கியது. மைக்கேல் சலிவன் அதன் முதற்பொறுப்பாளரானார். மறு ஆண்டில் தோன்றிய பூமத்தியரேகைக் கலைச் சங்கத்தார், உழைக்கும் மக்களின் வாழ்வை உள்ளவாறே தீட்டுவதைக் கொள்கையாகக் கொண்டனர். அச்சங்கத்தைச் சேர்ந்த சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ மொழி ஆசிரியர்கள் அனைவரும் காண வேண்டிய ஓவியம். வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் மொழி பயிலும் இளையரை அது காட்டுகின்றது. கரும்பலகையில் ‘உன் பெயர் என்ன, நீ எங்கு வசிக்கிறாய்’ எனப் பொருள்படும் இரு வினாக்கள் எழுதப்பட்டுள்ளன. அவ்வோவியர் நூல் வெளியீட்டு நிறுவனத்திலும் விளம்பர நிறுவனத்திலும் பணிபுரிந்தவர். 1974இல்தான் முழுநேர ஓவியரானார். இன்று தேசிய கலைக்கூடத்தின் பெருமைக்குரிய படைப்பாக விளங்கும் ஓவியத்தை வரைந்தவர், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் வேறு தொழிலைச் சார்ந்தே வாழ்ந்தார்.

தனியார் கொடையும் இக்காலத்தில் வந்தது. திரைப்படத் துறைச் செல்வர் லோக் வான் தோ, நாட்டுக்கென ஒரு கலைக்கூடம் அமைய வேண்டும் என விரும்பி, 1960இல் தம் தொகுப்பிலிருந்து ஓவியங்களை அளித்தார். அவர் 1964இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் விரும்பிய தேசிய அரும்பொருளகக் கலைக்கூடம் 1976இல் திறக்கப்பட்டது. ஓவியங்கள் கைக்கு வந்த பின்னரும், அவற்றுக்குரிய சுவர் எழுவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

வங்கியும் பண்ணையும்

1979இல் அரசு கலாசாரப் பதக்கத்தை ஏற்படுத்தியது. 1982இல் யுஓபி வங்கி ஆண்டுதோறும் நடைபெறும் ஓவியப் போட்டியைத் தொடங்கியது. அதன் முதல் ஆண்டில் கோ பெங் குவான் பரிசு பெற்றார். பரிசுத்தொகையோடு பலர் பார்வைக்கு வரும் வாய்ப்பையும் அளித்தமையால், அறிமுகமில்லாத இளம் ஓவியர்க்கு இப்போட்டி வாயிலாயிற்று. ஆனால் போட்டி எத்துணைச் சிறப்புடையதாயினும், நடுவர் முன்னிலையில் சட்டமிட்டு மாட்டத்தக்க படைப்பே அதற்கு ஏற்றது. நிலத்தில் பரப்பியும், பொருள்களை அடுக்கியும், தம் உடலையே கருவியாக்கியும் படைத்த இளைஞர்கள் எங்குச் செல்வது?

1988இல் இவ்வினாவுக்கு இரு விடைகள் எழுந்தன. டாங் டா வூ, செம்பவாங் வட்டாரத்து லோரோங் கம்பாஸில், முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடத்தில் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். அமாண்டா ஹெங், லீ வென் முதலியோர் அங்கு ஒன்றுகூடினர். பணிமனையே கண்காட்சிக்கூடமாயிற்று, பார்வையாளர் கலைஞரின் இருப்பிடத்தைத் தேடி வந்தனர். ஆனால் நிலம் அவர்களுடையது அன்று. 1990இல் மேம்பாட்டுப் பணிகளுக்காக அவ்விடத்தை விட்டு அவர்கள் நீங்க நேர்ந்தது.

அதே 1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய மூவரும் ‘திரிமூர்த்தி’ என்னும் கண்காட்சியை நடத்தினர். இந்தியர், சீனர், மலாய்க்காரர் என மூவேறு மரபினரான அவர்கள், தத்தம் பண்பாட்டின் குறியீடுகளைக் கொண்டு ஒரே அவையில் படைப்புகளை அமைத்தனர். அவர்களுக்கு இடமளித்தது ஜெர்மானியப் பண்பாட்டு நிறுவனமான கோத்தே நிலையம். பாலிக் கண்காட்சிக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. நாடு விடுதலை பெற்று வளம் கண்டிருந்தது. ஆயினும் புதுவழி காண முனைந்தோருக்கு மீண்டும் அயல்நாட்டு நிறுவனமே சுவர் தந்தது.

மன்றமும் மானியமும்

1989இல் ஓங் டெங் சியோங் தலைமையிலான பண்பாடு, கலைகளுக்கான ஆலோசனை மன்றம் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1991இல் தேசிய கலைகள் மன்றம் அமைந்தது. படைப்பை உருவாக்கவும், காட்சிக்கு வைக்கவும், மேற்பயிற்சி பெறவும் மானியம் கோரும் முறை வலுப்பெற்றது. இதற்கிடையே 1990இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன், ஆர்மீனியன் தெருவில் பழைய மின்நிலையக் கட்டடத்தில் ‘சப்ஸ்டேஷன்’ கலை மையத்தைத் தோற்றுவித்தார். 1996இல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகமும், 2006இல் ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் பன்னாட்டுக் கலைக் காட்சியாக ‘பியனாலே’யும், 2015இல் முன்னாள் உச்ச நீதிமன்றம், நகர மண்டபம் ஆகிய கட்டடங்களில் தேசிய கலைக்கூடமும் தொடங்கின. சுவரின்மை என்னும் குறை பெருமளவு நீங்கியது.

மானியத்தின் மற்றொரு முகத்தையும் வரலாறு மறைக்கவில்லை. 1994ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வணிக வளாகம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட நிகழ்த்துகலைப் படைப்பு பெருஞ்சர்ச்சைக்கு உள்ளாயிற்று. அதனைத் தொடர்ந்து நிகழ்த்துகலைக்கான அரசு நிதி நிறுத்தப்பட்டது. அந்நிலை ஏறக்குறையப் பத்தாண்டுகள் நீடித்தது. ஒருவர் செய்த ஒரு படைப்பின் பொருட்டு, ஒரு கலைவடிவத்துக்கே வாயில் அடைபட்டது. அக்கலைவடிவத்தில் தொடர்ந்து உழைத்த லீ வென் 2005இலும், அமாண்டா ஹெங் 2010இலும் கலாசாரப் பதக்கம் பெற்றனர். நிதியை நிறுத்தவும் பெருமைப்படுத்தவும் வல்லது ஒரே அரசுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கலையை உயிரோடு வைத்திருந்தவர்கள் கலைஞர்களே. ஒரே ஒரு புரவலரை மட்டும் சார்ந்து நிற்கும் கலை எத்துணை எளிதில் தடைபடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நமக்குரிய வினா

இவ்வரலாற்றில் தமிழர் இடம் யாது? 1949இல், சிங்கப்பூர்க் கலைச் சங்கம் தோன்றிய அதே ஆண்டில், சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகமும் தோன்றியது. அதில் இசையும் நடனமும் முதன்மை பெற்றன. கூத்தருக்கும் பாணருக்கும் வழிகாட்டிய பழைய மரபே கடல் கடந்தும் தொடர்ந்தது எனலாம்.

நம் சமூகம் காட்சிக்கலைக்குப் பொருள் வழங்கவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. கோயில் கோபுரங்களைப் பாருங்கள். குடமுழுக்குத் தோறும் சுதைச் சிற்பங்களைப் புதுப்பிக்கவும் வண்ணம் தீட்டவும் மக்கள் மனமுவந்து நன்கொடை அளிக்கின்றனர். ஆனால் அப்பணிக்குரிய சிற்பியர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்படுகின்றனர். அம்மரபுக் கலைக்கு அதுவே முறை. ஆயினும் இங்குப் பிறந்து, இங்குப் பயின்று, தம் காலத்தைத் தம் கண்வழி வரைய விழையும் இளம் ஓவியருக்கு அக்கோபுரத்தில் இடமில்லை. அவருக்குரிய சுவர் வேறெங்கோ இருக்க வேண்டும்.

அத்தகைய சுவர் ஒன்று கிடைத்த வரலாறும் உண்டு. 2003இல் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அதன் நிலையங்களில் உள்ளூர்க் கலைஞரின் படைப்புகள் நிலையாக இடம்பெற்றன. லிட்டில் இந்தியா நிலையத்துக்குரிய படைப்பை அமைத்தவர் ‘திரிமூர்த்தி’ மூவருள் ஒருவரான எஸ். சந்திரசேகரன். ‘கடந்த காலத்தின் நினைவுகள்’ எனப் பொருள்படும் தலைப்புடைய அப்படைப்பு, இந்திய மரபின் வடிவங்களை நிலையத்தின் கட்டமைப்போடு இணைக்கின்றது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கோத்தே நிலையத்தில் இடம் தேடிக்கொண்ட கலைஞர், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்து செல்லும் பொதுவிடத்தில் நிலைபெற்றார். பலர் அது கலைப்படைப்பு என்றோ, அதனைப் படைத்தவர் யாரென்றோ அறியாமலே கடந்து செல்கின்றனர். பரிபாடல் காட்டும் பார்வையாளர் நின்று வினவினர். நாமும் நம் மாணவரை அங்கு அழைத்துச் சென்று, ‘இது என்ன, இதனைச் செய்தவர் யார்’ என வினவச் செய்யலாம். திருப்பரங்குன்றத்து ஓவியருக்குக் கிட்டாத பெயரை இவருக்கேனும் வழங்கலாம்.

மானியத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு இன்று படிவங்களும் விதிமுறைகளும் கிடைக்கின்றன. அப்படிவத்தின்முன் தயங்கி நிற்பவருக்கு அவற்றினும் பயன்படுவது, முன்பு பெற்ற ஒருவர் அருகமர்ந்து கூறும் சொல். தம் கருத்தை எவ்வாறு தெளிவுற எழுதுவது, செலவைக் கணக்கிடும்போது சட்டமிடுதல், போக்குவரத்து, காப்புறுதி, விளக்கக் கையேடு ஆகியவற்றை எவ்வாறு சேர்ப்பது, மறுக்கப்பட்டால் மீண்டும் எவ்வாறு முயல்வது என்பனவற்றை அனுபவமுடையோர் சொல்லித்தர வேண்டும். நம் சங்கங்களின் மண்டபங்களிலும் பள்ளிகளின் கூடங்களிலும் ஆண்டில் சில வாரங்களேனும் ஒரு சுவரை உள்ளூர் ஓவியருக்கென ஒதுக்குவது பெருஞ்செலவுடைய செயல் அன்று. தொல்காப்பியர் வகுத்த நால்வரோடு ஐந்தாமவராக ஓவியரையும் சேர்த்துக்கொள்ளும் கடமை நம் தலைமுறைக்கு உரியது.