கம்பிச் சக்கரம் வந்த கதை

வைகாசியில் வரதர் தேரைப் பார்த்துப் பழகிய நமக்கு, சக்கரம் கனமாக இருந்தால்தான் பலம் என்று ஓர் எண்ணம் உண்டு. சைக்கிள் சக்கரம் அதற்கு நேர்மாறு.

1860களில் பாரீசில் மிஷோ என்பவர் விற்ற சைக்கிளுக்கு நம் மாட்டு வண்டியைப் போல மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும்தான். மர ஆரக்கால் தூண் மாதிரி கீழிருந்து பாரத்தைத் தாங்குகிறது. அதனால் அது பருமனாக இருந்தாக வேண்டும். 1869இல் அதே பாரீசில் எழேன் மெயே என்பவர் மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டிய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி கம்பிகளை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் போட்டார். பெடலை மிதிக்கும்போது ஹப் முறுக்கும் விசை அப்படிப் போட்டால்தான் ரிம்முக்கு நன்றாகப் போய்ச் சேரும். ஸ்டார்லி பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மெயே பெயர் வெகுகாலம் மறந்தே போயிருந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். சைக்கிள் கம்பி, வட்டத்தின் ஆரம், சூரியக் கதிர் மூன்றுக்கும் பிரெஞ்சில் 'ரெயோன்' என்ற ஒரே சொல். நம்மிடமும் ஆரமும் ஆரக்காலும் உறவுதானே!

கம்பியின் பலம் அதன் இழுப்பில் இருக்கிறது. நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையை ஒட்டிய கம்பிகளின் இழுப்பு சற்றுக் குறையும். அவை முழுக்கத் தளராதவரை சக்கரம் நிற்கும். தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு எல்லாம் ஒரே இழுப்பில் இருந்தால்தான் சேலை நேராக வரும். பழைய சைக்கிள் ரிம்மை ராட்டையாக்கித் தார் சுற்றிய வீடுகளும் உண்டு.

1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. நாம் ஓட்டிய பெரிய வண்டிகளில் ஆங்கிலேய வழக்கப்படி முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால்தானே விழுகிறது! பிரெஞ்சு வண்டிகளில் இரண்டுக்கும் 36 என்பது வழக்கம்.

இப்போது பேரப்பிள்ளைகள் லேசான சக்கரத்தைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி வாங்குகிறார்கள். அவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். ரிம் அலுமினியமாக இருக்கட்டும். கம்பி இரு முனையிலும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. உள்ளதாக இருக்கட்டும், கம்பி பெரும்பாலும் முனையில்தான் அறும், மெலிந்த நடுப்பகுதி சற்று நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். எடை குறைய வேண்டுமென்று கம்பி எண்ணிக்கையை ரொம்பக் குறைக்க வேண்டாம். 36இல் ஒன்று அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், கம்பியைச் சுண்டி ஒலி கேட்டுக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்ட சைக்கிள் கடைக்காரர்கள் குறைந்து வருகிறார்கள். தெரிந்தவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.