சாட்சிக்குக் கூலி கொடுத்தவர் யார்?

பெட்டியைப் பிரித்து, பொருளைக் கையில் திருப்பிக் காட்டி, இரண்டு நிறையும் ஒரு குறையும் சொல்லி, ‘லிங்க் பயோவுல இருக்கு’ என்று ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும் ரிவ்யூ வீடியோவைச் சமூக ஊடகம் பெற்ற பிள்ளை என்றே நினைக்கிறோம். உண்மையில் கேமராதான் புதிது, தொழில் பழையது. அமெரிக்காவின் லின் நகரில் லிடியா பிங்க்கம் என்ற பெண்மணி 1875இல் ஒரு மூலிகை டானிக்கை விற்கத் தொடங்கினார். பெண்களின் நோய்களுக்கு மருந்து என்று விற்கப்பட்ட அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆல்கஹால். டானிக்கை விற்றுக் கொடுத்தவை குணமடைந்ததாகப் பெண்கள் எழுதி, விளம்பரத்தில் அச்சான கடிதங்கள். ‘திருமதி பிங்க்கத்துக்கு எழுதுங்கள்’ என்ற அழைப்பும், தாய்போன்ற அவர் முகமும் கூடவே வந்தன. 1883இல் அவர் இறந்த பிறகும் அழைப்பு நிற்கவில்லை. 1905இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ இதழ் அவருடைய கல்லறைக் கல்லைப் படமெடுத்து வெளியிட்டது. எழுதிய பெண்களில் பலர் மனதறிந்து பொய் சொன்னவர்கள் அல்ல. பதில் எழுதும் கை யாருடையது என்பதுதான் அவர்களிடம் மறைக்கப்பட்டது. இந்தத் தொழிலின் கோளாறு சொல்லும் பொய்யில் குறைவு, சொல்லாமல் விடுவதில் அதிகம் என்பதற்கு இதுவே முதல் சான்று.

கடிதத்தை யாரும் இட்டுக்கட்டலாம், வீடியோவில் பொருள் வேலை செய்வதைக் கண்ணாலேயே பார்க்கிறோமே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இலேயே விடை சொல்லிவிட்டது. ‘ரேப்பிட் ஷேவ்’ என்ற சவரக் கிரீமுக்கு ஒரு நிமிடத் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. உப்புத்தாள்போல் தெரியும் ஒன்றின்மீது கிரீமைத் தடவி, உடனே பிளேடால் ஒரே இழுப்பில் மழித்துக் காட்டினார்கள். திரையில் இருந்தது உப்புத்தாளே அல்ல, மணல் தூவிய பிளெக்ஸிகிளாஸ் தகடு. அசல் உப்புத்தாளையும் அந்தக் கிரீமால் மழிக்கலாம்தான், ஆனால் அதற்கு ஏறக்குறைய 80 நிமிடம் ஊற வேண்டும். நீதிமன்றம் சொன்னது முக்கியமானது: கிரீமைப் பற்றிய கூற்று உண்மையாகவே இருந்தாலும், தான் காண்பது போலிப் பொருள் என்று பார்வையாளருக்குச் சொல்லாததே ஏமாற்று. இன்றைய ரிவ்யூவுக்கும் இது பொருந்தும். ஒரு நிமிடத்தில் மிக்ஸியின் சத்தத்தைக் கேட்கவைக்கலாம், ஆறு மாதம் கழித்து அதன் மோட்டார் தாங்குமா என்பதைக் காட்ட முடியாது. கண் கண்டது சாட்சிதான், ஆனால் முழுச் சாட்சி அல்ல.

பொருளைச் சோதித்துச் சொல்லும் மரபு இன்னொன்றும் உண்டு. 1936இல் அமெரிக்காவில் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன், சோதிக்க வேண்டிய பொருள்களைக் கடையில் தன் காசு போட்டு வாங்கியது. தன் இதழில் விளம்பரமும் வாங்கவில்லை. பிரிட்டனில் 1957இல் ‘விச்?’ இதழ் வந்தது. 1978இல் அகமதாபாத்தில் தொடங்கிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையமும் ஒப்பீட்டுச் சோதனைகளை நடத்தியது. ரிவ்யூ வீடியோக்காரர் பேசும் பேச்சு இந்தச் சோதனைக்கூடத்தின் பேச்சு. அவரது வருமானமோ பெரும்பாலும் பழைய பாராட்டுக் கடிதத்தின் வழியில் வருகிறது. சோதனைக்கூட மரபு பரவாமல் போனதற்குக் காரணம் நம்மிடமும் உண்டு. அதற்கு வாசகர் சந்தா கட்ட வேண்டும், இலவசமாகக் கிடைக்கும் யோசனைக்கோ வேறு யாராவது காசு கட்டுகிறார்கள்.

கூலி வாங்கிப் பாராட்டுவது இங்கேயும் பழையதுதான். இந்தியாவில் 1941இல் நடிகை லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றினார். நட்சத்திர விளம்பரத்தில் ஒரு வகை நேர்மை உண்டு, பணம் வாங்கித்தான் சிரிக்கிறார் என்று வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே இறங்கின. நட்சத்திரம் இருந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டு முகம் வந்தது. அந்த முகத்துக்குக் கூலி உண்டா என்பது பார்த்தவுடன் தெரிவதில்லை. இதற்கு விதிகளும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தந்தது. விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதிப்படி, 15 நொடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் ஓடும் வீடியோவில் ‘விளம்பரம்’ என்ற அடையாளம் மூன்றில் ஒரு பங்கு நேரம் திரையில் நிற்க வேண்டும். ஒரு நிமிட ரீலுக்கு 20 நொடி. காசு மட்டுமல்ல, இலவசப் பொருளும் பயணமும் பெற்றாலும் சொல்ல வேண்டும் என்றது 2023 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டல்.

இத்தனை கெடுபிடி சிறியவர்களின் பிழைப்பைக் கெடுக்காதா என்பது நியாயமான கேள்வி. பெரிய நிறுவனத்தின் விளம்பரச் செலவுக்கு ஈடுகொடுக்க முடியாத வீட்டுத் தொழில்காரருக்கும் கைத்தறிக்காரருக்கும் இந்த வீடியோக்கள் வாசல் திறந்துவிட்டிருப்பது உண்மை. ஆனால் விதிகள் கூலியைத் தடுக்கவில்லை, கூலியைச் சொல்லச் சொல்கின்றன. அதைச் சொன்னதால் மட்டும் ஒரு நல்ல பொருள் விற்காமல் போகும் என்றால், அதுவரை விற்றுக் கொடுத்தது பொருளின் தரமா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். கொலாப், அதாவது நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து செய்த வீடியோ, என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்பது இன்னொரு வாதம். எல்லாருக்கும் தெரியுமென்றால் சொல்லிவிடுவதில் நட்டமில்லை. சொல்லத் தயங்குவதே, பார்ப்பவர் பலருக்குத் தெரியாது என்ற கணக்கில்தான்.

ஆகவே அடுத்த முறை ஒரு ரிவ்யூவைப் பார்க்கும்போது, பேசுகிறவர் நல்லவரா என்று எடைபோட வேண்டியதில்லை. பொருளை யார் காசில் வாங்கினார், எத்தனை நாள் பயன்படுத்தினார் என்ற இரண்டு கேள்விகளைக் கமென்டில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதை விளம்பரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.