உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் உணவு: வரலாறு

உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் என்ன உண்பது என்பது, பண்டைய கிரேக்க விளையாட்டுக் களங்கள் முதல் இன்றைய மாரத்தான் ஓட்டங்கள் வரை, வீரர்களும் பயிற்சியாளர்களும் கேட்டுவரும் கேள்வியாகும். இதற்குக் கிடைத்த விடை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. முதலில் அத்திப்பழமும் பாலாடைக்கட்டியும், பிறகு இறைச்சி, 20ஆம் நூற்றாண்டில் மாவுச்சத்து என்று அது நகர்ந்தது. தவறான விடைகளால் வீரர்கள் தோற்றது மட்டுமல்ல, சிலர் உயிராபத்துக்கும் உள்ளானார்கள்.

பண்டைய கிரேக்கம்

தொடக்ககாலக் கிரேக்க வீரர்கள் உலர்ந்த அத்திப்பழம், பாலாடைக்கட்டி, கோதுமை ஆகியவற்றை உண்டு பயின்றதாகப் பழைய நூல்கள் கூறுகின்றன. இறைச்சி உணவைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தவர் யார் என்பதில் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லை. பாசேனியசு என்னும் பயண எழுத்தாளர், ஸ்டிம்பாலசு ஊரைச் சேர்ந்த டிரோமியசு என்ற ஓட்டக்காரரைக் குறிப்பிடுகிறார். வேறு சிலர் பித்தாகரசு என்னும் பெயரைச் சொல்கின்றனர். டிரோமியசு நெடுந்தூர ஓட்டத்தில் வென்றவர். இறைச்சியால் மிகக் குறைந்த பயன் பெறக்கூடிய ஓட்டம் அதுதான் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

ஆறு முறை ஒலிம்பிக் மற்போரில் வென்ற குரோட்டன் நகர மைலோ ஒரு நாளில் 20 மினா இறைச்சி உண்டதாக எழுதப்பட்டுள்ளது. இது இன்றைய அளவில் எட்டு கிலோவுக்கும் மேல். மிகைப்படுத்தல் என்றே கொள்ளவேண்டும். ஆனால் வலிமை என்றால் இறைச்சி என்ற எண்ணம் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இந்தக் கதை சான்று. பெர்கமோன் நகரில் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த காலென், மற்போர் வீரர்களின் அளவற்ற உணவையும் உறக்கத்தையும் கடுமையாகக் குறை கூறினார்.

பால்ஹார்ன் மலை ஏற்றம்

இறைச்சிக் கொள்கைக்கு அறிவியல் வடிவம் கொடுத்தவர் செருமானிய வேதியியலாளர் லீபிக். தசை வேலை செய்யும்போது தசையிலுள்ள புரதமே எரிந்து தீர்கிறது, அதை ஈடுசெய்யப் புரதம் உண்ணவேண்டும் என்று 1840களில் அவர் எழுதினார். அவருடைய புகழின் காரணமாக இது பாடநூல் உண்மையாகவே நிலைபெற்றது.

இதைச் சோதிக்க சூரிக் நகரப் பேராசிரியர்கள் இருவர் முன்வந்தனர். ஒருவர் உடலியங்கியல் அறிஞர் அடோல்ப் பிக், மற்றவர் வேதியியலாளர் வில்லிசெனசு. 1865 ஆகத்து 29 நண்பகலிலிருந்து இருவரும் புரதம் உண்பதை நிறுத்தினர். மாவுப்பசையைக் கொழுப்பில் பொரித்துச் செய்த சிறு அடைகள், சர்க்கரை, தேநீர் ஆகியவையே உணவு. மறுநாள் காலையில் சுவிட்சர்லாந்தின் பால்ஹார்ன் மலையில் ஏறினர். ஏறிய உயரம் 1956 மீட்டர். ஏறும்போதும் ஏறிய பிறகும் வெளியேறிய சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைட்ரசனை அளந்தனர். புரதம் எரிந்தால் நைட்ரசன் சிறுநீரில் வந்தாகவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

கணக்கு மாணவர்களும் போட்டுப் பார்க்கக்கூடியதுதான். பிக்கின் எடை 66 கிலோ. 66 கிலோவை 1956 மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை 1,29,096 கிலோகிராம்-மீட்டர். வில்லிசெனசின் எடை 76 கிலோ என்பதால் அவருக்கு 1,48,656. எரிந்த புரதமோ ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 37 கிராம் மட்டுமே. ஒரு கிராம் புரதம் எவ்வளவு வெப்பம் தரும் என்பதை எட்வர்டு பிராங்லாந்து 1866இல் இலண்டனில் அளந்து முடித்ததும் விடை தெளிவாயிற்று. அந்தப் புரதம் முழுவதும் வீணாகாமல் வேலையாக மாறியது என்று வைத்துக்கொண்டாலும், மலையேற்றத்துக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் அது போதும். உண்மையில் தசை தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகவே இழக்கிறது. அப்படியானால் பேராசிரியர்களை மலையுச்சிக்கு ஏற்றியது மாவும் கொழுப்பும்தான்.

இவ்வளவு தெளிவான சோதனைக்குப் பிறகும் விளையாட்டுக் களம் மாறவில்லை. போட்டிக்கு முன் மாட்டிறைச்சித் துண்டு உண்ணும் வழக்கம் அமெரிக்கக் காற்பந்து அணிகளில் அதன்பின் நூறாண்டு வரை நீடித்தது.

1904, செயின்ட் லூயிசு

உண்பதிலும் குடிப்பதிலும் எவ்வளவு பெரிய பிழை நேரலாம் என்பதற்கு 1904 ஒலிம்பிக் மாரத்தான் எடுத்துக்காட்டு. கடும் வெயிலில், புழுதி நிறைந்த சாலையில் நடந்த அந்த ஓட்டத்தில் குடிநீர் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. நீர் குறைந்தால் உடல் என்னாகும் என்று பார்க்கும் ஆர்வம் அமைப்பாளர்களுக்கே இருந்தது. தொடங்கிய 32 பேரில் 14 பேர்தான் முடித்தனர். முதலிடம் பெற்ற தாமசு ஹிக்சுக்கு வழியில் உதவியாளர்கள் கொடுத்தது முட்டையின் வெள்ளைக்கரு, பிராந்தி, கூடவே ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு. சிறிய அளவில் அது ஊக்கமருந்தாகக் கருதப்பட்ட காலம் அது. எல்லைக்கோட்டைத் தொடும்போது அவர் தாமாக நிற்கக்கூட முடியாத நிலையில் இருந்தார். கியூபாவிலிருந்து வந்த பெலிக்சு கார்வாகால் பசி தாங்காமல் வழியில் ஆப்பிள் தின்று வயிற்றுவலியால் அவதிப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படியும் நான்காவதாக வந்தார்.

பாஸ்டனில் சர்க்கரை

1924 பாஸ்டன் மாரத்தானில் மருத்துவர் சாமுவேல் லெவினும் உடன் பணியாற்றியோரும் ஓட்டம் முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். தளர்ந்து, வெளுத்து, மனம் குழம்பி வந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்த நேரம். இன்சுலின் அளவு மீறியவர்களிடம் காணப்படும் அறிகுறிகளே இவர்களிடமும் தெரிந்ததை மருத்துவர்கள் கவனித்தனர். அடுத்த ஆண்டு, ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாவுச்சத்து மிகுந்த உணவும் ஓடும்போது மிட்டாயும் உண்ணச் செய்தனர். இரத்தச் சர்க்கரை விழவில்லை. ஓட்டக்காரர்கள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தனர். செலவில்லாத இந்த எளிய கண்டுபிடிப்பு பிறகு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

ஸ்டாக்ஹோம் ஊசி

டென்மார்க்கின் கிறிஸ்டென்சனும் ஹான்சனும் 1939இல், மாவுச்சத்து உணவு உண்டவர்கள் கொழுப்புணவு உண்டவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் களைப்பின்றி உழைப்பதைக் காட்டினர். ஏன் என்பதற்குத் தசைக்குள்ளேயே பார்த்தாகவேண்டும். அதற்கு வழி செய்தவர் சுவீடனின் யோனாசு பெர்க்சுட்ரோம். 19ஆம் நூற்றாண்டில் டூசென் என்ற பிரெஞ்சு மருத்துவர் உருவாக்கிய கருவியைப் போன்ற ஓர் ஊசியை அவர் 1962இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். தொடையிலிருந்து கடுகளவு தசையை அதன்மூலம் எடுக்கலாம்.

1966இல் வெளியான ஆய்வுக்கு அவரும் எரிக் ஹுல்ட்மனும் தங்களையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டனர். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் ஓய்ந்துபோகும் வரை மிதித்தனர். பின் மூன்று நாள் மாவுச்சத்து உணவு. தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோசன், மிதித்த காலில் தீர்ந்துபோய், மூன்று நாளில் மீண்டும் நிறைந்து, ஓய்ந்திருந்த காலைப்போல் இரு மடங்காக உயர்ந்திருந்தது. இரண்டு காலுக்கும் இரத்தம் ஒன்று, உணவும் ஒன்று. எனவே வேறுபாடு உழைத்த தசைக்குள்தான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஒப்பிட வேறு ஆளே தேவைப்படாத சோதனை இது.

மறு ஆண்டு வெளியான ஆய்வில், ஒரே கடுமையில் மிதிவண்டி ஓட்டியவர்கள் புரதமும் கொழுப்பும் உண்டபின் சராசரியாக 57 நிமிடமும், கலப்புணவுக்குப் பின் 114 நிமிடமும், மாவுச்சத்து உணவுக்குப் பின் 167 நிமிடமும் தாக்குப்பிடித்தனர். 1969இல் ஏதென்சில் நடந்த ஐரோப்பியப் போட்டியின் மாரத்தானில் இங்கிலாந்தின் ரான் ஹில் இந்த முறையைப் பின்பற்றி, கடைசிக் கிலோமீட்டரில் முன்னால் ஓடியவரைக் கடந்து வென்றார். ஹில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். முதலில் சில நாள் மாவுச்சத்தை ஒதுக்கிவிட்டுப் பிறகு நிரப்புவது பழைய முறை. வீரர்களைச் சிடுசிடுக்க வைத்த அந்த முதற்கட்டம் தேவையில்லை, பயிற்சியைக் குறைத்துக்கொண்டு சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்றவற்றைக் கூட்டினாலே போதும் என்பதை 1981இல் செர்மனும் காஸ்டிலும் காட்டினர்.

பயிற்சி முடிந்தபின்

1988இல் டெக்சசு பல்கலைக்கழகத்தின் ஜான் ஐவி குழுவினர், மிதிவண்டிப் பயிற்சி முடிந்ததும் மாவுச்சத்து கொடுத்தால் கிளைக்கோசன் விரைவாகச் சேர்வதையும், இரண்டு மணி நேரம் தாமதித்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதையும் கண்டனர். இதிலிருந்து, பயிற்சி முடிந்த அரை மணிக்குள் உண்ணாவிட்டால் உழைத்தது வீண் என்ற நம்பிக்கை உடற்பயிற்சிக் கூடங்களில் பரவியது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. 24 மணி நேரத்தில் போதிய உணவு கிடைத்தால் உடனே உண்டவருக்கும் தாமதித்தவருக்கும் வேறுபாடு இல்லை என்று 1997இல் வந்த ஆய்வு காட்டியது. ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்வோருக்குத்தான் அந்த அவசரம் பொருந்தும். புரதத்துக்கும் இதே கதைதான். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சோன்பெல்டும் உடனாய்வாளர்களும், நாள் முழுவதும் உண்ணும் புரதத்தின் மொத்த அளவே முக்கியம் என்று 2013இல் எழுதினர்.

நீர்: மறுமுனைப் பிழை

1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடு, காற்பந்து வீரர்களுக்காக உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் தயாரித்தார். சுவைக்காக எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னவர் அவர் மனைவி. கேட்டரேடு என்ற அந்தப் பானத்தின் வெற்றிக்குப் பின், நீர் குடிக்காதே என்ற பழைய அறிவுரை தலைகீழாக மாறியது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி என்றாயிற்று.

இதன் விளைவை முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டிம் நோக்சு. மிகையாக நீர் அருந்தியதால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயங்கிய நான்கு வீரர்களைப் பற்றி 1985இல் அவர் எழுதினார். சோடியம் மிகக் குறைந்தால் மூளை வீங்கி இறப்பு நேரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் அப்படியோர் இறப்பும் நிகழ்ந்தது. அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடியவர்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். அவர்கள் குடித்தது வெறும் நீரா, விளையாட்டுப் பானமா என்பதால் வேறுபாடு ஏதும் தெரியவில்லை.