வரியா, பட்டயமா? அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சி

அமெரிக்கக் குடியேற்றவாசிகள் பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்து எழுந்தது நியாயமா என்று மாணவர் வினவும்போது, ‘பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை’ என்னும் முழக்கத்தையே நாம் விடையாகத் தரப் பழகியுள்ளோம். அம்முழக்கம் முழு விடையாகுமா?

1763இல் முடிவுற்ற ஏழாண்டுப் போர் பிரிட்டனின் கடனை ஏறத்தாழ இருமடங்காக்கியது. குடியேற்றங்களின் பாதுகாப்புக்காகவும் நடைபெற்ற போர் அது. செலவில் ஒரு பங்கை அவையும் ஏற்க வேண்டுமென நாடாளுமன்றம் கருதியதில் வியப்பில்லை. 1765இன் முத்திரைத்தாள் சட்டம் எதிர்ப்பின் காரணமாக மறு ஆண்டே நீக்கப்பட்டது. 1773இன் தேயிலைச் சட்டமோ புதிய வரி எதனையும் விதிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன்னிடம் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்காவுக்கு நேராக அனுப்பி விற்க அது வழிசெய்தது. ராத்தலுக்கு மூன்று பென்னி என்ற பழைய தீர்வை நீடித்தும், விலை குறையவே செய்யும் என்பது கணக்கு. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அச்செயலில் கொள்கை இருந்தது; கள்ளக்கடத்தல் வணிகரின் ஆதாயமும் கலந்திருந்தது. அன்றே ஆயுதம் ஏந்தியிருப்பின், அதனை நியாயம் என்று கூற நாம் தயங்குவோம்.

நிலைமையை மாற்றியது அரசின் மறுமொழியே. 1774இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு நகரமே பட்டினியை எதிர்நோக்கியது. அதனினும் கடுமையானது, மாசசூசெட்ஸின் 1691ஆம் ஆண்டுப் பட்டயத்தின்மீது விழுந்த அடி. அதுவரை பேரவையால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஆட்சிமன்ற உறுப்பினர்களை இனி அரசரே நியமிப்பார். ஆளுநரின் இசைவின்றி ஊர்க்கூட்டங்கள் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடலாகாது. ஒரு பட்டயத்தை நாடாளுமன்றம் தன் விருப்பம்போல் திருத்தலாம் எனின், ஏனைய குடியேற்றங்களின் பட்டயங்களுக்கு என்ன காப்பு? 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் குருதி சிந்திய பின்னரும், ஜூலையில் குடியேற்றங்களின் மாமன்றம் அரசருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பியது. மூன்றாம் ஜார்ஜ் அதனை ஏற்க மறுத்து, ஆகஸ்டில் அவர்களைக் கிளர்ச்சியாளர் என அறிவித்தார். முறையீட்டுக்கான வாயில் அடைபட்டபின் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே என்பது நம் துணிபு.

எனினும், எவருக்கு நியாயம்? அன்றைய குடியேற்றங்களின் மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளரின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அது கருணையன்று, போர்த் தந்திரம். அடிமை வணிகத்தில் பிரிட்டனே முன்னணியில் நின்ற காலம் அது. ஆயினும் தப்பி ஓடியவர்களுக்கு அந்தத் தந்திரமே வழியாயிற்று. மறுபுறம், விடுதலைப் பிரகடனத்தின் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பகுதியை மாமன்றம் நீக்கிவிட்டது. எழுதிய அவரும் அடிமைகளை உடையவரே.

பினாங்குக் கோட்டையின் பெயரால் நாம் அறிந்த கார்ன்வாலிஸ் பிரபு, 1781இல் யார்க்டவுனில் சரணடைந்தார். 1783இல் பிரிட்டிஷ் படை நியூயார்க்கை விட்டு வெளியேறுகையில், ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்களின் பெயர்கள் ஒரு பேரேட்டில் பதிவாயின. தத்தம் பழைய உரிமையாளரின் பெயரும் உடன் எழுதப்பட, அவர்களுள் பெரும்பாலோர் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினர்.