ரூபாய்க்கு ரூபாய்

ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமானால் ஊரார் வரி கொடுக்கட்டும். அவர்கள் கொடுத்த அளவுக்குச் சர்க்காரும் கொடுக்கும். இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறு உண்டா? சென்னை ராஜதானியில் 1920-ல் வந்த தொடக்கக் கல்விச் சட்டத்தின் சாரம் ஏறக்குறைய இதுதான். நகரசபைகளும் தாலுகா போர்டுகளும் கல்வி வரி போடலாம். வசூலுக்குக் குறையாமல் சர்க்கார் தன் பங்கைச் சேர்க்கும். அதற்கும் முன்னால், 1850-களிலேயே, கோதாவரிக் கிராமத்தார் நிலவரியோடு கொஞ்சம் கூடக் கொடுத்துப் பள்ளிக்கூடம் வைத்துக் கொண்டார்கள். காட்டன் துரை அணை கட்டிக் கொடுத்த சீமை. கொடுக்க அவர்களிடம் இருந்தது.

இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

நான் கதை எழுதுகிறவன். கணக்கைக் காலேஜோடு விட்டவன். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கே புரிகிறது. தஞ்சாவூர் நஞ்சைக் கிராமம் ஒன்று 1,000 ரூபாய் திரட்டுகிறது, கொல்லிமலையில் பெரக்கரை நாடு 50 ரூபாய் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் என் கற்பனை, நிலைமை கற்பனையல்ல.) சர்க்கார் ரூபாய்க்கு ரூபாய் கொடுத்தால் அங்கே 2,000, இங்கே 100. முன்பு 950 ரூபாயாக இருந்த வித்தியாசம் 1,900 ஆகிவிட்டது! இதற்குப் பெயர் சம பங்கு.

கொல்லிமலையின் 14 நாடுகளில் பெரக்கரை நாடும் ஒன்று. சாமையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலத்துக்கு நிலவரி எவ்வளவு வந்துவிடும்? கூரை வீட்டுக்கு என்ன வரி போடுவது? செலவோ அங்கேதான் அதிகம். மலையூர்கள் சிதறிக் கிடப்பவை. பள்ளத்தையும் ஓடையையும் தாண்டி ஆறு வயதுக் குழந்தை வராது. ஆகவே சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களாகப் பல வேண்டும். பிள்ளைகள் இருபது பேரானாலும் வாத்தியார் ஒருவர் வேண்டுமே!

காமராஜர் காலத்து 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் இரண்டு மனங்கள் தெரிகின்றன. வீட்டுவரி வசூலுக்குச் சமமாக ஊராட்சிக்கு மானியம் என்றது. பழைய ரூபாய்க்கு ரூபாய்தான். ஆனால், நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு 'செஸ்' வாங்கிய அதே சட்டம், ஒன்றியங்களை வசதிப்படி வகை பிரித்து, ஏழை ஒன்றியத்துக்குக் கூடுதல் விகிதத்தில் மானியம் கொடுக்கவும் வழி வைத்தது. சட்டத்துக்குள் மெல்ல ஒரு நியாயம் நுழைந்த இடம் இது என்பேன்.

பணக்கார அமெரிக்கா இதே முடிச்சில் சிக்கித் தவித்தது. டெக்ஸாஸில் எட்ஜ்வுட் என்ற ஏழை வட்டாரத்தில் சொத்து மதிப்பு 100 டாலருக்கு 1.05 டாலர் வரி; அதிலிருந்து பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டாலர். பக்கத்து அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட்தான். கிடைத்ததோ 333 டாலர். அதிக வரி கொடுத்தவன் பிள்ளைக்குக் குறைந்த படிப்பு! ரோட்ரிகஸ் என்ற தந்தை முதலானோர் தொடுத்த வழக்கு 1973-ல் உச்சநீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. 1989-ல்தான் டெக்ஸாஸ் மாநில நீதிமன்றம் அந்த முறை செல்லாது என்றது.

நம்மவர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். பெரக்கரை நாட்டு வாத்தியாரின் சம்பளத்துக்கும் மலைமேல் வசூலாகிற வரிக்கும் அன்றோடு தொடர்பு அறுந்தது. கட்டடத்தைப் பழுது பார்க்கும் வேலை மட்டும் ஒன்றியத்தின் தலையிலேயே நின்றது.