அங்கீகாரமும் சீரமைப்பும்: செங்கற்பட்டு மண்ணின் பள்ளி வரலாற்றில் ஓர் ஏடு

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, 1993இல் நிகர்நிலை பெற்ற சந்திரசேகரேந்திர சரசுவதி விசுவ மகாவித்யாலயமே. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட 1994இல் தேசிய மதிப்பீட்டுக் குழு ஒன்று ஏற்பட்டது. அது பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் நேரில் கண்டு தரவரிசை எழுத்துகளை வழங்கிவந்தது. செய்தித்தாள்கள் அதனை விளம்பரப் பக்கங்களில் வெளியிடுகின்றன. அதே வட்டாரத்தின் சிற்றூர்களில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைத் தாங்கி நிற்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கு இத்தகைய எழுத்துகள் இல்லை. அவற்றுக்கு வாய்த்திருப்பது 'அங்கீகாரம்' என்னும் ஒரே சொல்தான். அச்சொல் எங்கிருந்து வந்தது, யார் யாரை அங்கீகரித்தார்கள், அங்கீகாரம் கிடைத்த பின்னர் பள்ளி மேம்பட்டதா என்னும் வினாக்களை இம்மண்ணின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே நம் நோக்கம்.

இஸ்லாமியக் கல்வி மரபில் அங்கீகாரம் என்பது நெடுங்காலம் நிறுவனத்தைச் சார்ந்ததாக இருந்ததில்லை. ஆசிரியர் தம் மாணவருக்கு 'இஜாஸா' வழங்குவார். இன்ன நூலை இன்னவரிடம் ஓதினார், அதனைப் பிறர்க்கு ஓதுவிக்கும் தகுதி பெற்றார் என்பது அதன் சாரம். பாக்தாதில் நிஜாமுல் முல்க் எழுப்பி 1067இல் திறக்கப்பட்ட நிஜாமியா போன்ற மத்ரஸாக்களிலும் சான்றளித்தவர் ஆசிரியரே. கட்டடத்தின் பெயரில் சான்று எழுந்ததில்லை. ஆயினும் சிறுவர் பள்ளிகள் கண்காணிப்பின்றி விடப்பட்டன எனக் கருதுதல் தவறு. ஒன்பதாம் நூற்றாண்டில் கைரவானைச் சேர்ந்த இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களின் ஒழுக்கம் குறித்துத் தனி நூலே இயற்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், சந்தையின் எடைக்கற்களைச் சோதிக்கும் முஹ்தஸிபின் பார்வைக்குள் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுப்போரையும் கொண்டுவருகிறது. பள்ளிவாசலின் சுவர்களைப் பிள்ளைகள் அழுக்காக்குவர் என்பதால் வகுப்பைக் கடைத்தெருவில் நடத்துமாறும், எலும்பை முறிக்கும் தடித்த கோலால் அடிக்கலாகாது என்றும் அந்நூல் விதிக்கிறது. பள்ளி ஆய்வாளரின் மூதாதையை இங்கே நாம் அடையாளம் காணலாம். அவர் பார்த்தது பிள்ளையின் உடலையும் ஆசிரியரின் நடத்தையையும், பதிவேட்டை அல்ல.

நம் பகுதிக்கு வருவோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக மட்டுமே நாம் போற்றுகிறோம். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர் என்னும் விதியும் அவற்றில் உண்டு. தணிக்கை என்பது ஐரோப்பியர் கப்பலேறி வந்து இறக்கிய சரக்கு அன்று என்பதற்கு இவ்வளவு போதும்.

எனினும், பள்ளியை எண்ணிக் கணக்கிடும் வழக்கம் கம்பெனி ஆட்சியில்தான் வந்தது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்கள் அனைவரிடமும் பள்ளிகளின் விவரம் கேட்டார். செங்கற்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து வந்த விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்வி நிலையங்களுமாக 12,498 இருந்தன. அவற்றில் 1,88,650 மாணவர் பயின்றனர். தர்மபால் 1983இல் இந்த ஆவணங்களை அச்சிட்டு வெளிக்கொணர்ந்தார். அப்பள்ளிகளுக்கு எவரும் அங்கீகாரம் வழங்கவில்லை. ஊரார் நெல்லளந்தனர், பெற்றோர் காசு தந்தனர், ஆசிரியர் திண்ணையில் அமர்ந்தார். நல்ல ஆசிரியர் என்பதற்குச் சான்று, அடுத்த ஆண்டும் பிள்ளைகள் வந்ததே. இதனைப் பொற்காலமாகப் புனைய நாம் விரும்பவில்லை. பெண் குழந்தைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அத்திண்ணையில் எவ்வளவு குறைவாக இடம்பெற்றனர் என்பதையும் அந்த அட்டவணைகளே காட்டிக் கொடுக்கின்றன.

1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கட்டளை நிலைமையை மாற்றியது. தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும். அதற்கு ஈடாகப் பள்ளி நல்ல உலகியல் கல்வி தர வேண்டும், உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும், சிறிதேனும் கட்டணம் பெற வேண்டும், அரசின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். அங்கே கற்பிக்கப்படும் சமயக் கொள்கைகளை ஆய்வாளர் கவனத்திற் கொள்ளலாகாது என்றும் அக்கட்டளை கூறிற்று. இன்று நாம் வழங்கும் பொருளில் 'அங்கீகரிக்கப்பட்ட பள்ளி' பிறந்தது இந்தப் பேரத்தில்தான்.

பேரத்தின் இரண்டாம் கட்டம் கசப்பானது. இங்கிலாந்தில் 1862இல் புகுந்த 'தேர்ச்சிக்கேற்ற மானியம்' சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திப் படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செய்வார். தேறியவர் தலைக்கு இவ்வளவு என்று ஆசிரியருக்குப் பணம் கிடைக்கும். பிள்ளையின் நாவில் ஆசிரியரின் கூலியைக் கட்டித் தொங்கவிட்ட முறை இது. மனப்பாடம் தழைத்ததில் வியப்பில்லை. 1904இல் கர்சன் அரசு வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் செய்தது. ஆனால் அதன் மனப்பான்மை அவ்வளவு எளிதில் விடைபெறவில்லை. 2019இல் தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

முஸ்லிம்களின் மக்தபுகள் இந்த ஏற்பாட்டில் எங்கே நின்றன? 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, நாட்டுவழி முஸ்லிம் பள்ளிகள் தம் பாடத்தில் உலகியல் பாடங்களைச் சேர்த்துக்கொள்ளத் தாராளமாக ஊக்குவிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. முஸ்லிம் ஆய்வாளர்களை நியமிக்குமாறும் அது கேட்டுக்கொண்டது. பயிற்றுமொழியாக இந்துஸ்தானியை முன்வைத்த அதே குழு, வேறு மொழியை அவ்வூர் முஸ்லிம்கள் விரும்பினால் அதற்கு விலக்களித்தது. இந்த விலக்கின் அருமை தமிழ் முஸ்லிம்களுக்கே நன்கு விளங்கும். வீட்டில் தமிழும் ஓதுமிடத்தில் அரபியும் அரபுத்தமிழுமாக வளர்ந்த பிள்ளைக்கு, மூன்றாவதாக ஒரு மொழியை அறிமுகப்படுத்தித்தான் கூட்டலும் கழித்தலும் கற்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் நேர்ந்திருந்தால், எத்தனை மக்தபுகள் பள்ளிகளாக உருமாறியிருக்கும்? 1901இல் முஸ்லிம் கல்வி மாநாடு சென்னையில் கூடியதும், அதன் தொடர்ச்சியாகத் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியதும் இந்த உருமாற்றத்தின் அடுத்த படிகள். 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்விக் குழுக்களை ஏற்படுத்தித் தொடக்கப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏற்பாட்டைச் சட்டத்தின் துணையோடு நிறுத்தியது.

அங்கீகாரம் ஒரு வாயில். வாயிலைக் கடந்த பின் வீட்டைப் பராமரிப்பவர் யார் என்ற வினாவுக்கு நம் வட்டாரம் அளித்த விடை தனிச் சிறப்புடையது. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912இல் பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பள்ளிகளின் துணை ஆய்வாளராக ஊரூராகச் சுற்றிய அனுபவம் பெற்ற அவர், காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே பொதுக்கல்வி இயக்குநரானார். ஆய்வாளரின் நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு ஒன்று புலப்பட்டிருந்தது: குறையைப் பதிவேட்டில் எழுதுவதால் ஓட்டை ஓடு மாறாது. அங்கீகாரத்தை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினாலும் மாறாது. பள்ளி மூடப்படும், பிள்ளை மாடு மேய்க்கப் போவான்.

ஆகவே குறைகளைப் பட்டியலிடும் வேலையையே ஊராரிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூர் வட்டாரத்தில் அது தொடங்கியது. ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் கூடித் தம் பள்ளிக்கு என்ன தேவை என்று கணக்கெடுப்பர்: எத்தனை பலகை, எத்தனை கடிகாரம், கூரைக்கு எவ்வளவு ஓடு, கிணறு உண்டா, சுற்றுச்சுவர் உண்டா. பின்னர் எவர் எதைத் தருவார் என்று முடிவு செய்வர். பணமுள்ளவர் பணம், மரமுள்ளவர் மரம், ஏதுமில்லாதவர் உழைப்பு. சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்து மாநாடு கூட்டும்போது இந்த நன்கொடைகள் மக்கள் முன்னிலையில் ஒப்படைக்கப்படும். முதலமைச்சரே பல மாநாடுகளுக்கு வந்தார். 1956இல் தொடங்கிய மதிய உணவும் தொடக்கத்தில் இவ்வகையிலேயே நடந்தது. ஊரார் கொடையாகத் தொடங்கிய அதற்குப் பின்னர் அரசும் பங்கு தந்தது.

இதில் நம்மைக் கவர்வது நன்கொடையின் அளவன்று. மதிப்பிடுபவரும் மதிப்பிடப்படுபவரும் ஒரே பாயில் அமர்ந்தது இங்கேதான். நமக்கு இது முற்றிலும் புதிய காட்சியும் அல்ல. ஜமாஅத்தார் கூடிப் பள்ளிவாசலுக்கு ஹவுளு கட்டியதும், ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கு முறைவைத்துச் சோறு அனுப்பியதும் இதே மனநிலையின் வடிவங்கள். வேறுபாடு ஒன்றுண்டு. சீரமைப்பு மாநாட்டில் கொடை எல்லாச் சாதி, சமயப் பிள்ளைகளும் அமரும் பள்ளிக்குச் சென்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல இயக்கத்தின் வேகம் தளர்ந்தது. பொறுப்பு முழுவதும் அரசின் தோளுக்கு மாறியதும் ஊர் ஒதுங்கிக்கொண்டது. ஊரின் கொடையை நம்பி அரசு தன் கடமையில் சுணங்குமோ என்ற ஐயத்தையும் நாம் புறந்தள்ள இயலாது. கொடைக்கு வழியில்லாத ஊரின் பிள்ளை என்ன குற்றம் செய்தது?

இதே காலத்தில் சிறுபான்மையினரின் உரிமை வேறொரு தளத்தில் தெளிவு பெற்றது. அரசமைப்பின் 30ஆம் பிரிவு, தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு அளிக்கிறது. கேரளக் கல்வி மசோதா குறித்து 1958இல் உச்ச நீதிமன்றம் தந்த கருத்து நுட்பமானது. அங்கீகாரம் பெறுவது அடிப்படை உரிமையன்று. ஆனால் அடிப்படை உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் அங்கீகாரம் என்று அரசு நிபந்தனை விதிக்கவும் கூடாது. நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்பதும் அன்றே சொல்லப்பட்டது. நம்மவரில் சிலர் முதற்பாதியை மட்டும் மேடையில் முழங்குவதும், அதிகாரிகள் சிலர் பிற்பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பதும் வாடிக்கை.

தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நீண்டகாலம் இத்துறையை ஆண்டது. அதில் பின்னர் சேர்ந்த ஒரு திருத்தம், 1991-92 கல்வியாண்டுக்குப் பின் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று ஆக்கியது. வுட் காலத்துப் பேரம் இத்துடன் முறிந்தது எனலாம். ஆய்வு நிலைத்தது, உதவி நின்றது. அதற்குப்பின் எழுந்த சிறு பள்ளிகள் கட்டணத்தையே நம்பின. ஏழைப் பெற்றோரிடம் கட்டணம் உயர்த்த இயலாதவை, கட்டடத்திலும் ஆசிரியர் ஊதியத்திலும் சிக்கனம் பிடித்தன.

ஆய்வும் வெற்றுக் காகிதமானால் நேர்வது என்ன என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காட்டியது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள்; சத்துணவுக் கூடத்தில் பற்றிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது; 94 குழந்தைகள் மாண்டனர். அப்பள்ளியும் அங்கீகாரம் என்னும் வாயிலைக் கடந்ததுதான். கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய நான்கு சான்றுகள் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு எட்டாக் கனியாயிற்று. நம் நிறுவனப் பொறுப்பாளர்கள் இச்சான்றுகளைத் தொல்லை என்று சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு மேசையாக அலைய வைக்கும் முறை சலிப்புக்குரியதுதான். சான்றுகள் அவ்வாறல்ல. பிள்ளையின் உடலைக் காப்பது முஹ்தஸிபின் முதற்கடமையாக இருந்ததை முன்னரே கண்டோம்.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கியதால் நடுநிலைப் பள்ளியே அதன் அளவுகோலாயிற்று. ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். அறிவியலும் கணக்கும், சமூகவியல், மொழிகள் என ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர். ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 கற்பித்தல் மணி. நூலகம், விளையாட்டிடம், தனித்தனிக் கழிப்பறை. பெற்றோர் பெரும்பான்மையாக அமரும் பள்ளி மேலாண்மைக் குழு மேம்பாட்டுத் திட்டம் தீட்டவேண்டும் என்ற விதியில் 1958இன் நிழல் விழுந்திருக்கிறது. 2015இல் வந்த 'சாலா சித்தி' தன்மதிப்பீட்டுச் சட்டகமும் பள்ளியே தன்னை ஏழு களங்களில் எடைபோட்டுக்கொள்ளச் சொல்கிறது. ஆயினும் கணினியில் கட்டங்களை நிரப்பும் தலைமையாசிரியருக்கும், மாநாட்டுப் பந்தலில் ஓடு சுமந்து வந்த உழவருக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று.

2012இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் மத்ரஸாக்களையும் வேதபாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், மானியம் பெறினும் பெறாவிடினும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. மாநிலத்தில் 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023இல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 1 அன்று, மகாராட்டிரத்தின் அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு பிரமதி தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, அதனைப் பெரிய அமர்வு ஆராய வேண்டுமா என்னும் வினாவைத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது. சிறுபான்மைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயமா என்பதும் அவ்வினாவோடு பிணைந்தே நிற்கிறது. அதற்கு விடை எவ்வாறு அமையினும், 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை நம் நடுநிலைப் பள்ளிகளில் நியமிப்பதற்கு எந்தத் தீர்ப்பும் தடை விதித்ததில்லை.